பூக்கடை வாசலில் நீட்டிய விரல்

அன்பு மருமகள் சிஹாருவுக்கு முராய் மாமா எழுதிக்கொள்வது.

மலைப் பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது. கடற்காற்றும் ஆரம்பித்துவிட்டது. இந்தக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? நானும் உன் அத்தை கினுயோவும் உங்கள் எல்லோருடைய நல்ல மனசால் சுகமாக இருக்கிறோம். என் தங்கை, அதாவது உன் அம்மா, இடுப்பு வலி என்று சொன்னாளே, இப்போது தேவலையா? பக்கத்து வீட்டு ஹதானோ அம்மாவின் தோட்டத்தில் இந்த வருஷம் முள்ளங்கி கொள்ளை கொள்ளையாக விளைந்திருக்கிறது. அவர்கள் கொண்டுவந்து நீட்ட, நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொள்ள, காலையில் முள்ளங்கிச் சாறு, மத்தியானம் முள்ளங்கிப் பொரியல், ராத்திரி முள்ளங்கி ஊறுகாய் என்று வாழ்க்கை ஓடுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் முள்ளங்கியையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கொமுகி தேர்வில் தோற்றுவிட்டான், பார்வையில்லாதவருக்கு வழிகாட்டும் வேலைக்கு அவன் சரிப்பட மாட்டான் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், பயிற்சியில் குறை வைத்தது நான்தான், மாமாவும் அத்தையும் என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். மன்னிப்பா! நீயா! கடைசியில், வளர்த்த பாசத்துக்கு நீங்களே அவனை வீட்டு நாயாக வைத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டிருந்தாய். உன் அத்தை அதைப் படித்துவிட்டு உள்ளே போய், மேல் அலமாரியில் இருந்த கொமுகியின் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன், குதித்தேன். இந்த வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, கூடத்தில் நின்று குதித்தேன். கீழே இறங்குவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. ஏனென்றால் கொமுகி தோற்கவில்லையம்மா. அவனைத் தோற்கடித்தது நான். எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். ரயில் ஓட்டுகிறவனின் தொழில் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது. முதுகை நிமிர்த்தி, கையை நீட்டி, விரலால் அதைக் காட்டி, "சிக்னல் பச்சை, சரி!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதவுக்கு ஒரு விரல், கடிகாரத்துக்கு ஒரு விரல், பிளாட்பாரத்துக்கு ஒரு விரல். கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது என்று பழக்கிவிட்டார்கள். வேலையை விட்டு வந்த பிறகு ரயிலை வாங்கிக்கொண்டார்கள், விரலை என்னிடமே விட்டுவிட்டார்கள். நானும் வீட்டில் அடுப்பைப் பார்த்து நீட்டினேன், வாசல் கதவைப் பார்த்து நீட்டினேன், குளிக்கிற தொட்டியின் வெந்நீரைப் பார்த்து நீட்டினேன். "என்னங்க, இது வீடுங்க. பிளாட்பாரம் இல்ல. நீங்க கத்துற கத்துல ஹதானோ அம்மா ரயிலு வந்துருச்சான்னு எட்டிப் பாக்கறாங்க" என்று உன் அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில்தான் நீ அந்த லாப்ரடார் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். "ஒரு வருஷம் வளத்துக் குடுங்க மாமா. மனுஷங்களோட நல்லாப் பழகட்டும். உங்களுக்கும் பொழுது போகும்" என்றாய். என் பொழுதைப் பற்றி யோசித்த ஒரே ஆள் நீதான்.

அன்றைக்கே நீ தெளிவாகச் சொன்னாய். "மாமா, ஒண்ணு நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. நாய் நம்ம வாயைக் கேக்காது, உடம்பைத்தான் கேக்கும். நீங்க எங்க பாக்கறீங்க, தோள் எந்தப் பக்கம் சாயுது, மூச்சை எப்ப இழுக்கறீங்க, எல்லாத்தையும் படிச்சுக்கிட்டே இருக்கும். வாய் ஒண்ணு சொல்லி உடம்பு ஒண்ணு சொன்னா உடம்பைத்தான் நம்பும். அதனால நீங்களா எந்தக் கை ஜாடையும் பழக்காதீங்க. பாக்க முடியாதவரு கையை நீட்டி எதைக் காட்டப் போறாரு? கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க." நானும் பெரிய மனுஷனாட்டம் தலையை ஆட்டினேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறதா? என்னிடமா?

ஒரு நாள் காலை, வெளியே கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் விரலை நீட்டி "அடுப்பு அணைந்தது, சரி!" என்றேன். கொமுகி எழுந்து போய் அடுப்பின் கீழே மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "கினுயோ! பாத்தியா? கத்துக் குடுக்காமலே போறான் பாரு!" என்று கத்தினேன். முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தவள் "ஆமாங்க, கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டுச் சீவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு உன் பேச்சைக் காற்றில் விட்டேன். செருப்பைக் காட்டினால் செருப்பைக் கொண்டுவந்தான். செய்தித்தாளைக் காட்டினால் செய்தித்தாள். ஜன்னலைக் காட்டினால் ஜன்னலடியில் போய் உட்கார்ந்தான். சிஹாரு, நான் வாழ்நாளெல்லாம் ரயிலைப் பார்த்து விரலை நீட்டியிருக்கிறேன், ஆனால் ரயில் என் விரலுக்கா ஓடியது? கால அட்டவணைக்கு ஓடியது. என் விரலுக்கென்று ஓடிவந்த முதல் ஜீவன் இவன்தான். நான் எப்படியம்மா கையைக் கட்டிக்கொள்வேன்?

வம்பும் வராமல் இல்லை. என் அப்பாவின் நினைவு நாளன்று சாமி அலமாரி முன்னால் நின்று, படத்தைக் காட்டி, "அப்பா, சௌக்கியம், சரி!" என்றேன். கொமுகி ஒரே தாவலில் ஏறி, படையலுக்கு வைத்த அரிசி உருண்டையை முழுசாக விழுங்கிவிட்டான். என் விரல் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது. உன் அத்தைக்கு அந்த நேரம் பார்த்து அடுக்குத் தும்மல், அவளால் தடுக்கக்கூட முடியவில்லை. இன்னொரு நாள் ஹதானோ அம்மா முள்ளங்கியோடு வந்தார்கள். அவர்கள் குனிந்து வணங்க, நான் குனிந்து வணங்க, கொமுகி படுத்துவிட்டான். படு என்று காட்டுவதற்கு நீ உடம்பைச் சாய்த்துக் கையைத் தாழ்த்துவாயே, அதுவாக நினைத்துவிட்டான். நாங்கள் நிமிர்ந்தோம், அவன் எழுந்தான். "அடடே, உங்க நாய்க்கு என்னா மரியாதை!" என்று அவர்கள் அவனுக்கும் ஒரு வணக்கம் போட்டார்கள். அவன் மறுபடி படுத்தான். எங்கள் நாயை வணங்கியவர்களை நான் வணங்காமல் இருக்க முடியுமா? நான் வணங்க, அவர்கள் வணங்க, நாய் படுத்துப் படுத்து எழுந்திருக்க, யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் வாசலில் திருவிழாவே நடந்தது. கடைசியில் முள்ளங்கி கனத்துப்போய் அவர்கள்தான் நிறுத்தினார்கள். சிரிக்காதே. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், இந்தப் பிள்ளை நம் உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறான், நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. யோசிக்கவில்லை. பெருமையாக இருந்தது.

நீ வந்து அவனை அழைத்துப்போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கார் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். மாமா அழாமல் தைரியமாக நின்றார் என்று நீ உன் அம்மாவிடம் சொன்னாயாம். தைரியமாவது ஒன்றாவது! கையை அவிழ்த்தால் தானாக நீண்டுவிடும், நீண்டால் அவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்துவிடுவான் என்ற பயம். உன் அத்தையோ முகத்தைக்கூடக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். ஒரு வருஷம் சோறு போட்டவள், இவ்வளவு கல் நெஞ்சமா என்று எனக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு எந்த நாள், எந்தத் தெரு என்பதை உன் அம்மா போனில் உளறிவிட்டாள். வளர்த்தவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது உங்கள் பயிற்சி மையத்தின் சட்டம், அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். கினுயோவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவளுக்கும் அன்றைக்குப் பாட்டு வகுப்பு, அதனால் துருவிக் கேட்கவில்லை. மூக்குவரை முகமூடி, காதுவரை தொப்பி, நிகாட்டாவில் இறங்கி, ஸ்டேஷன் எதிரே பானம் விற்கிற இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

நீங்கள் வந்தீர்கள். பார்வையில்லாதவர் மாதிரி நடக்க உன் கண்ணில் கட்டு. கொமுகியின் முதுகில் வெள்ளைக் கைப்பிடி. பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டு உன் மேலதிகாரி. சிஹாரு, அவன் நடந்து வந்த நடை இருக்கிறதே! நம் வீட்டில் செருப்பைக் கடித்துக்கொண்டு ஓடியவனா இவன்? சைக்கிள் நின்றால் உன்னைச் சுற்றி அழைத்து வந்தான். படி வந்தால் நின்றான். நடைபாதை முடிகிற இடத்தில் முன்னங்காலைச் சரியாக ஓரத்தில் வைத்து நின்றான். நான் இயந்திரத்தின் பின்னாலிருந்து தலையை வெளியே நீட்டினேன். அந்த நேரம் பார்த்துத்தானா மேல்பாலத்தில் ரயில் கிளம்ப வேண்டும்? சிக்னல் மாறியது. என் முதுகு நிமிர்ந்தது, மூச்சு இழுத்தது, கை நீண்டது. "புறப்பாடு, சரி!" என்ற சத்தத்தை மட்டும் முகமூடிக்குள் விழுங்கிக்கொண்டேன். விரலை விழுங்க முடியவில்லை. கொமுகி தலையைத் தூக்கி அதைப் பார்த்தான். பார்த்தானம்மா, என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி உன்னை இழுத்துக்கொண்டு ஓடினான். நீ பூக்கடை வாசலில் இருந்த தொட்டிகளின் மேல் விழுந்து, சாமந்திப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய்.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. நீ தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்கட்டைக்கூட அவிழ்க்காமல், "கொமுகி, உனக்கு அடி பட்டுச்சாடா? எங்கடா இருக்க?" என்று தடவித் தேடினாய். முழங்காலில் ரத்தம். நான் வந்து உன்னைத் தூக்கவில்லை. நான்தான் காரணம் என்று உன் மேலதிகாரியிடம் சொல்லவில்லை. இயந்திரத்தின் பின்னால் கொஞ்ச நேரம் குளிர்பானம் தேடுகிறவன் மாதிரி நின்றுவிட்டு, ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன். யாரோ ஒரு புண்ணியவதி, பூக்கடைக்காரிதான் போலிருக்கிறது, கடைப் பக்கமிருந்து வந்து உன்னைத் தூக்கிவிட்டு முழங்காலைத் துடைத்ததை ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் நன்றாக இருக்க வேண்டும். சொந்த மாமன் செய்ய வேண்டியதை வழியில் போகிறவள் செய்தாள். அன்று வீட்டுக்கு வந்து எதைப் பார்த்தும் விரலை நீட்டவில்லை. "பல்லு ரொம்ப வலிக்குதோ?" என்று உன் அத்தை கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் பாட்டு வகுப்பிலிருந்து என்னமோ முகம் வெளுத்துப்போய் வந்திருந்தாள். இருவரும் முள்ளங்கியைச் சாப்பிட்டோம்.

இப்போது நீ அவனை எங்களிடமே தருகிறேன் என்கிறாய். எனக்கு வேண்டாமா? வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த வாரமே அவன் கூடத்தில் படுத்திருப்பான். ஆனால் அவனுக்காகக் காத்திருக்கிற, பார்வையில்லாத அந்த மசாஜ் வைத்தியரைப் பற்றி நீ ஒருமுறை சொன்னாயே. யார் கையையும் பிடிக்காமல் தானே மீன் கடைக்குப் போய், தானே மோந்து பார்த்து, தனக்குப் பிடித்த மீனை வாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை என்றாயே. ஒவ்வொரு தடவை கொமுகி என் காலடியில் வந்து படுக்கும்போதும் அவர் அங்கே வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். எனக்குச் சோறு இறங்காது. அதோடு, நீ உன் தொழிலில் குறை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். அதை நான் தாங்க மாட்டேன். இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் அப்படியே காட்டு. என்னைத் திட்டட்டும், வேண்டுமானால் வீட்டுக்கே வந்து திட்டட்டும். கொமுகிக்கு இன்னொரு தேர்வு வையுங்கள். அன்றைக்கு நான் ஹதானோ அம்மாவின் தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருப்பேன், அவர்களே சாட்சி சொல்வார்கள்.

குளிர் கூடப் போகிறது, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். நீ கைப்பிடித்து நடத்தும் நாய்களும், அவற்றைப் பிடித்து நடப்பவர்களும் வழியில் தடுக்கி விழாமல் நீண்ட நாள் நடக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
முராய் தொகுஜி மாமா

பின்குறிப்பு: நான் நிகாட்டா போன விஷயம் உன் அத்தைக்குத் தெரியாது. பல் டாக்டர் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். நீயும் வாயைத் திறந்துவிடாதே. பாவம், சூது வாது தெரியாதவள்.

இன்னொரு பின்குறிப்பு: சிஹாரு, இது கினுயோ அத்தை. ஸ்டாம்ப் ஒட்டிப் போடச் சொல்லி உறையை என்னிடம் கொடுத்துவிட்டு உன் மாமா குளிக்கப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். அவர் வெளியே வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

தேர்வு நடந்தது வியாழக்கிழமை, அந்தப் பல் டாக்டர் வியாழக்கிழமை கடை திறப்பதில்லை. எங்கள் பாட்டு டீச்சரும் போன மாதமே மகளோடு இருக்க ஒசாகா போய்விட்டாள். உன் அம்மா என்னிடமும் உளறியிருந்தாள்; இரண்டு பேரும் துருவிக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் நடந்து வந்த திசைக்கு மேல்பாலம் வலப் பக்கம் இருக்கிறது, சிஹாரு. இவர் விரலும் வலப் பக்கம்தான் நீண்டது. கொமுகி ஓடியது இடப் பக்கம். அத்தனை வருஷம் ரயில் ஓட்டியவருக்கு இது தோன்றவில்லை பார். இடப் பக்கம் பூக்கடை, சாமந்தித் தொட்டிக்குப் பின்னால் நான்.

இது என் வேலைதான். இவர் முதல் தடவை விரலை நீட்டியபோது கொமுகி சும்மா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. முள்ளங்கி சீவிக்கொண்டே தாடையை அடுப்புப் பக்கம் ஆட்டினேன், அவன் போனான். அன்றிலிருந்து அப்படியே. விரல் நீண்டால் கொமுகி என்னைத் தேடுவான், நான் தாடையால் சொல்வேன். அப்பா நினைவு நாளன்று தும்மலில் தாடை எக்குத்தப்பாக ஆடிவிட்டது. நீ காரில் ஏற்றியபோது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதும் அதற்காகத்தான், கல் நெஞ்சு ஒன்றும் இல்லை. தேர்வன்று இவர் விரலைப் பார்த்ததும் அவன் வழக்கம்போல என்னைத் தேடினான், தொட்டிகளுக்கு நடுவில் கண்டுபிடித்துவிட்டான். நான் அப்போதும் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். முடியவில்லையம்மா. எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறேன். வா என்று தாடை தானாக அசைந்துவிட்டது.

உன்னைத் தூக்கிவிட்டது பூக்கடைக்காரி இல்லை. கட்டிய பெண்டாட்டியின் முதுகைக்கூட அடையாளம் தெரியாத மனுஷனோடு காலம் தள்ளுகிறேன். ஒரு வார்த்தை பேசினால் என் குரல் தெரிந்துவிடும் என்று ஊமை மாதிரி துடைத்துவிட்டு ஓடிவந்தேன். வலித்திருக்கும், என்னை மன்னித்துக்கொள்.

இன்னொரு தேர்வு வையுங்கள். கிண்ணத்தைத் துடைத்து மேல் அலமாரியில் மறுபடி வைத்துவிட்டேன். தாடை விஷயம் மட்டும் உன் மாமாவுக்குத் தெரிய வேண்டாம். ஒரு ஜீவனாவது தன் விரலுக்கு அடங்கியது என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

கொமுகி தேறிவிட்டால் அவனை எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள் என்று எங்களிடம் சொல்லாதே. உன் அம்மாவிடமும் சொல்லாதே. இரண்டு பேரும் வந்து நின்றுவிடுவோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.